மூன்று வருஷம் காஸ்மோட்டியர்: பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாலுமிகள்

சித்தி மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "அக்கா, காஸ்மோட்டியர் விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா? நீங்க ரொம்ப நாளா விளையாடுறீங்களே." வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். முடியவில்லை. இந்தக் கணினி விளையாட்டின்மேல் எனக்கு இருக்கும் பிரியம், கோபம் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதை விளக்காமல் சொன்னால் பாதிப் பதில்தான் ஆகும்.

அடிப்படைகள் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். மேலிருந்து பார்க்கும் விண்வெளி, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் போர், வேண்டுமானால் நிறுத்தி யோசித்து ஆணை கொடுக்கலாம். கப்பலைக் கட்டம் கட்டமாக நாமே கட்ட வேண்டும். பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்த பிறகு, 2022 அக்டோபரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் எர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு, வந்தது. அந்த டிசம்பர் விடுமுறையில் வாங்கினேன்.

கப்பலை நம் விருப்பப்படி அமைக்கலாம் என்று சொல்லும் விளையாட்டுகள் நிறைய. அமைப்பது என்பதற்குத்தான் ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். 1999ல் வந்த ஹோம்வேர்ல்டில் ஒரு கட்டத்தில் தப்பிப் பிழைத்த கப்பல்கள் அடுத்த கட்டத்துக்கும் நம்மோடு வரும். அவற்றின்மேல் உண்டாகும் பற்று அலாதியானது. ஆனால் ஒரு பீரங்கியைக்கூட மாற்ற முடியாது. 2016ல் வந்த ஸ்டெல்லாரிஸில் கப்பல் வடிவமைப்புக்குத் தனித் திரையே உண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று இடங்கள் இருக்கும், லேசரோ ஏவுகணையோ எடுத்துப் பொருத்தலாம். ரியாக்டர் தரும் மின்சாரம் போதுமா என்று ஓர் எண் சொல்லிவிடும். எண் சரியாக இருந்தால் கப்பல் தயார்.

காஸ்மோட்டியரில் மின்சாரம் கம்பியில் ஓடாது. மாலுமிகள் அதை பேட்டரியாகக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். லேசருக்கு, கப்பலைக் காக்கும் ஷீல்டுக்கு, கப்பலைத் தள்ளும் த்ரஸ்டருக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கேனனுக்கு வேண்டிய குண்டும் ஆள் சுமந்து போனால்தான் உண்டு. ரியாக்டர் இருந்தால் போதாது, பீரங்கி இருந்தால் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் கப்பல்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று சொல்ல வேண்டும். நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் யார்டு, அதாவது கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் இடம், திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். முன்பு பாசிர் பாஞ்சாங், இப்போது துவாஸ். கப்பலோரம் நிற்கும் கிரேன் சும்மா நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லித்தந்த பாடம். கிரேனின் வேகம் இரண்டாம் பட்சம். கண்டெய்னரை இழுத்துவரும் லாரியான பிரைம் மூவர் யார்டிலிருந்து வந்து சேர எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. பெட்டியைத் தவறான பிளாக்கில் அடுக்கிவிட்டால், கூடுதலாக ஐந்து பிரைம் மூவர் விட்டாலும் கிரேன் காத்துக்கொண்டுதான் நிற்கும். துவாஸில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஓடுகின்றன, ஆனாலும் தூரம் தூரம்தான்.

இதே கணக்கை ஒரு விண்வெளி விளையாட்டில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பீரங்கிதான் கிரேன், ரியாக்டர்தான் யார்டு, மாலுமிதான் பிரைம் மூவர். விளையாட்டுகளில் இப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று நான் நினைத்ததே இல்லை.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். என் கப்பல்களுக்கு வங்கம், நாவாய், தோணி என்று பழந்தமிழ்ப் பெயர்கள்தான் வைப்பேன். வங்கத்தின் இரண்டு பக்கமும் எட்டெட்டு லேசர். இடது பக்கம் மழையாகப் பொழியும். வலது பக்கம் நாலு தடவை சுட்டுவிட்டு அடங்கிவிடும். கூடுதலாக ஒரு ரியாக்டர் வைத்தேன், சரியாகவில்லை. ஆட்களைக் கூட்டினேன், அப்போதும் இல்லை. கடைசியில் போரை நிறுத்தி, காட்சியை நன்றாகப் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்து, ஒரே ஒரு மாலுமியைப் பின்தொடர்ந்தேன். ரியாக்டரில் பேட்டரியை எடுத்தார். நேரே வலது பக்கம் போகாமல் பின்னால் திரும்பினார். படுக்கை அறைகளைச் சுற்றினார், குண்டுக் கிடங்கு ஓரமாக நடந்தார், அப்புறம்தான் லேசர் வரிசைக்கு வந்தார். ரியாக்டருக்கும் வலது பக்க நடைபாதைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் நான் கதவு வைக்கவில்லை.

கதவு வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதே மாலுமி மூன்றே எட்டில் பேட்டரியைக் கொண்டு சேர்த்தார். பதினாறு லேசரும் ஒன்றாக முழங்கியதைக் கேட்டபோது மணி இரண்டு. பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல் கைதட்டினேன். இந்த மூன்று வருஷத்தில் வேறெந்த விளையாட்டும் எனக்கு அந்த மகிழ்ச்சியைத் தரவில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். அதுவும் இந்த மாலுமிகளால்தான்.

கப்பல் சின்னதாக இருக்கும்வரை ஒருவரைப் பின்தொடரலாம். புகழ் ஏற ஏற ஆட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், கப்பலும் பெரிதாகும். இருநூறு மாலுமிகள் ஓடும் கப்பலில் யார் எதற்கு எங்கே போகிறார் என்று கண்ணால் பிடிக்க முடியாது. மின்சாரம் வரவில்லை என்பது தெரியும், ஏன் வரவில்லை என்பதை நாமே தோண்ட வேண்டும். மாலுமிகளைப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை என்று ஒதுக்கலாம், உண்மைதான், பெரிய உதவியும்தான். ஆனால் ஒரு பக்கம் நாலு அறை சேர்த்தால், நேற்றுவரை சரியாக ஓடிய ஒதுக்கீடு இன்றைக்குச் சரியாக இராது. மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். வேலையில் பத்து மணி நேரம் இதையே செய்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி இதையே செய்யும்போது, சில நாள் உண்மையிலேயே அழுகை வருகிறது.

நேற்று இரவு நாவாய் போனது. எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கப்பல். நீளமான ரெயில்கன் பீரங்கி ஒன்று, முன்னால் இரண்டடுக்குக் கவசம், பின்னால் படுக்கை அறைகள், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரே நடைபாதை. எதிரியின் குண்டு பக்கவாட்டில் புகுந்து அந்த நடைபாதையை அறுத்தது. பின்னால் அறுபது பேர். முன்னால் ஷீல்டு ஒவ்வொன்றாக அணைகிறது. ஆள் இருக்கிறார்கள், பேட்டரியும் இருக்கிறது, நடுவில் வழி இல்லை. அறுபது பேரும் உடைந்த விளிம்புவரை வந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த குண்டு ரியாக்டரில் விழுந்தது. இந்த விளையாட்டில் ரியாக்டர் வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

நியாயமாகப் பார்த்தால் விளையாட்டைக் குறை சொல்ல வழியில்லை. ஒரே வழி வைத்தது நான். துறைமுகத்தில் ஒரே வழியை நம்பி நான் ஒரு திட்டம் போட்டால் மேலாளர் அதைக் கையில்கூட வாங்க மாட்டார். இருந்தாலும் எட்டு மாத உழைப்பு பத்து விநாடியில் போகும்போது நியாயம் மனதில் நிற்பதில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே காப்பிக்கடைக்குப் போய் ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு வந்தேன்.

மற்றவை எல்லாம் சுருக்கமாக. வெடிச்சத்தங்கள் அருமை. தாது வெட்டிச் சேர்ப்பதுதான் அலுப்பு, அதை நான் வானொலி கேட்டுக்கொண்டே செய்கிறேன். அயன் பீம் என்னும் கதிர் ஆயுதங்களைப் பிரிசம் வைத்து ஒன்றாக்கி ஒரே கதிராக விடுவது கண்கொள்ளாக் காட்சி, ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும். என் லேப்டாப் பழையது. பெரிய கப்பல்கள் நாலைந்து மோதும்போது திணறும். நடுவில் விசிறி போய், பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் மூன்று வாரம் கிடந்தது. அந்த மூன்று வாரமும் சதுரக் கட்ட நோட்டில் பென்சிலால் கப்பல் வரைந்துகொண்டிருந்தேன். இப்போதும் புதுக் கப்பலை முதலில் நோட்டில்தான் வரைகிறேன், அது நல்ல பழக்கமாகிவிட்டது.

ஒன்றை மட்டும் விட்டுவிட மனமில்லை. இங்கே கப்பலைச் சேமித்தால் அது ஒரு படமாகச் சேமிக்கப்படும். சாதாரண பிஎன்ஜி படம். திறந்து பார்த்தால் கப்பலின் உருவம் தெரியும். ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே கப்பலின் முழு விவரமும் இருக்கிறது. எந்தச் சுவர், எந்தக் கதவு, எல்லாம். படத்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் கப்பலையே கொடுத்த மாதிரி. முதல் தடவை, இதே விளையாட்டை வைத்திருக்கும் என் சொந்தத் தம்பிக்குத் தோணியை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினேன். "அக்கா, படம் வருது, கப்பல் வரல" என்றான். வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கி வேறு படமாக்கிவிடுகிறது, கப்பல் அதோடு போய்விடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பியதும் அப்படியே திறந்தது. வேறு ஊரில், வேறு கணினியில், நான் வைத்த கதவு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. பாலிடெக்னிக் கடைசி வருஷம், கையில் புராஜெக்ட் இருக்கிறது, நீயோ எதையும் பாதியில் விடாத பிள்ளை. இது ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு எழுந்துபோகிற விளையாட்டு இல்லை. பேருந்தில் போகும்போதும் கதவை எங்கே வைக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். விலை மறுபடி குறையும். ஸ்டெல்லாரிஸ் உன்னிடம் இருக்கிறதே, பரீட்சை முடியும்வரை அது போதும். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். நேற்று நாவாய் போன வலி இன்னும் ஆறவில்லை. போன வாரமே நீ கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தால் உடனே வாங்கு என்றுதான் எழுதியிருப்பேன். இன்றைக்கு மனசு அப்படி இல்லை.

நாவாயை உனக்கு டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறேன். உடைவதற்கு முன்னால் சேமித்தது. பரீட்சைக்குப் பிறகு வாங்கினால் திறந்து பார். நடுவில் இருக்கும் நடைபாதையை எடுத்துவிட்டு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வழி வை. ரியாக்டரின் வலது பக்கக் கதவை மட்டும் தொடாதே.