கோயில் நடை சாத்தியிருக்கும் நேரம்தான் கல்லூரி நேரம்

பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும் பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் கோயில்களுக்குச் சில நாள், கல்லூரிகளுக்குச் சில நாள் என்று பிரித்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. பெரிய கோயில்கள் பலவற்றில் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கல்லூரி அலுவலகத்தில் ஆள் கிடைப்பதோ பத்திலிருந்து நாலு வரை. இரண்டையும் பின்னிவிட்டால் பாதி நாள் மிச்சம்.

இதற்குத் தோதான சாலை திருச்சி–தஞ்சாவூர். காலை ஏழுக்கு ஸ்ரீரங்கம். ஒன்பதரைக்குக் கிளம்பினால் துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது என்.ஐ.டி. அதே சாலையில் இன்னும் அரைமணி நேரம் போனால் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம். சாப்பாட்டு இடைவேளை முடிந்து இரண்டு மணிக்கு அங்கே நுழையலாம். நாலரைக்குப் பெரிய கோயில். அதற்குள் பிராகாரத்துக் கல்தரையும் வெறுங்காலுக்குத் தாங்கும் சூட்டுக்கு வந்திருக்கும். மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருப்பதே திருப்பரங்குன்றத்தில்தான். கோவையில் மட்டும் பேராசை வேண்டாம். பீளமேட்டு பி.எஸ்.ஜி., தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), எட்டிமடை அமிர்தா மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் அவிநாசி சாலை நெரிசலே நாளைத் தின்றுவிடும்.

வாசலில் செக்யூரிட்டி கேட்கும் முதல் கேள்வி, ‘யாரைப் பார்க்கணும்?’ ‘சும்மா சுற்றிப் பார்க்க’ என்பது அங்கே செல்லாத பதில். பத்து நாள் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதில் அனுப்பியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி, அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரத்திலும் மே மாதத்திலும் போனால் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். மாணவர்கள் இருக்கும் நாளில் போய், கேன்டீனில் ஒரு டீ குடித்தபடி இரண்டு மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் பேசுவது அலுவலகத்தில் தரும் வண்ணப் புத்தகத்தைவிட மேல். கோடையில் விடுதியில் தண்ணீர் எப்படி, இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள், உங்கள் பிரிவில் போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். பெண்கள் விடுதிக்குள் அப்பாவை விடமாட்டார்கள். அம்மாவோ அத்தையோ கூட வருவது நல்லது.

கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரம் கல்லூரி முழுமைக்கும் தருவது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தரும் அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாக. ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருப்பது கம்ப்யூட்டர் சயின்சுக்கு இல்லாமல் போகலாம். ‘சீட் வாங்கித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகரோடு பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். சேர்க்கைக்கு நன்கொடை வசூலிப்பது தமிழ்நாட்டில் 1992 சட்டப்படி குற்றம். ரசீது இல்லாத பணம் போனது போனதுதான்.

பயணம் வீணாவது பெரும்பாலும் காகிதத்தில். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை 2021 மார்ச் 4-க்குப் பிறகு பதிவானது என்றால், இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்குப் போட்டியிட முடியாது, என்.ஆர்.ஐ. போன்ற இடங்கள்தான். அதற்கு முன் பதிவானவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆகவே அட்டையைப் புதுப்பித்திருந்தால் பழையதன் நகலும் கையில் இருக்கட்டும். என்.ஐ.டி.க்கு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான டாசா என்ற சேர்க்கை வழி வருபவர்களுக்கும் ஜே.இ.இ. மெயின் தேர்வு உண்டு. வளைகுடாவில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அதற்குள் தனிப் பிரிவு இருக்கிறது, கட்டணமும் குறைவு. மருத்துவம் என்றால் எந்த ஒதுக்கீடானாலும் நீட்.

அடுத்த சிக்கல் டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ். இங்கே அது இல்லாமல் கோப்பு நகராது. வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அப்படி ஒரு தாளே கிடையாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, படித்த பாடங்கள் குறித்துப் பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, அந்த நாட்டு அரசு தரும் அப்போஸ்தில் என்ற பன்னாட்டு முத்திரைச் சான்றோ, அது இல்லாத நாடென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகச் சான்றோ பெற்றுவிடுங்கள். இந்திய வாரியம் அல்லாத படிப்புக்கு, இங்கத்தியப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று இணைச் சான்றும் தேவைப்படும். தூதரகச் சான்றை அங்கேயே வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்து இறங்கிய பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

இனி வண்டி. வெளியூர் வாடகைக்குப் பொதுவாக நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள், வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட்டுக்கு வரும் வரை. ஏழு நாளுக்கு 1,750. சென்னை, திருச்சி, தஞ்சை, மதுரை, கோவை சுற்றித் திரும்பினால் சுமார் 1,300தான். ஊருக்குள் அலைவதைச் சேர்த்தாலும் மிச்சம் இருக்கும். எனவே தாராசுரத்தையும் கங்கைகொண்டசோழபுரத்தையும் தயங்காமல் சேர்க்கலாம். டிரைவர் பேட்டா, சுங்கம், மலைக் கட்டணம், இரவுக் கூடுதல் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். மஞ்சள் நம்பர் பலகை அவசியம். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால் விபத்தில் காப்பீடு கைவிரித்துவிடும். இன்னோவாவில் ஏழு பேர் என்பது பெட்டி இல்லாத கணக்கு. நாலு பேரின் விமானப் பெட்டிகள் வந்தால் கடைசி வரிசையை மடக்கத்தான் வேண்டும். டிரைவர் அண்ணன் தூங்க இடம் உண்டா என்று ஓட்டலில் முன்பே கேளுங்கள். வண்டிக்குள் சுருண்டு படுத்தவரிடம் மறுநாள் முன்னூறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது ஆபத்து.

ஊட்டியோ கொடைக்கானலோ சேர்த்தால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். இந்தியக் கைபேசி எண் இல்லாதவர்கள் மின்னஞ்சல் வழி பதியலாம். கோடை மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. நீலகிரிக்குப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

மாமல்லபுரத்தில் நுழைவுக் கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓ.சி.ஐ. அட்டைக்கு இந்தியர் கட்டணம்தான். கவுண்டரில் அட்டையை முதலிலேயே நீட்டிவிடுங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. டிரைவர் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்தக் கோபுர வாசலில் வெளியே வருவீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.