நாலு வருஷமா விலானோட குடித்தனம்: நெட் நல்லா இருக்கு, நான்தான் நல்லா இல்ல

போன வாரம் பெஞ்ச கோடை மழையில இடி விழுந்து, நான் நெட்வொர்க் பாத்துக்கற காலேஜ்ல ஈசிஇ பிளாக் ரெண்டாவது மாடி ஸ்விட்ச் ஒண்ணு செத்துப்போச்சு. ஸ்டோர்ல ஸ்பேர் கெடந்துச்சு, எடுத்து மாட்டி பழைய கான்ஃபிக் (செட்டிங்ஸ்) பேக்கப்பை ஏத்தினேன், அரை மணி நேர வேலை. அப்பாடான்னு உக்காந்ததுக்கு அப்புறம்தான் கச்சேரியே ஆரம்பிச்சது. அந்த பேக்கப் எடுத்து எட்டு மாசம் ஆகுது. நடுவுல எந்த ரூம் எங்க மாறிச்சு, எந்த போர்ட்டை எந்த விலானுக்கு (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள தனித்தனியா பிரிச்ச நெட்வொர்க்) மாத்தினேங்கறதெல்லாம் என் மண்டையில மட்டும்தான் இருந்துச்சு, மண்டையிலயும் பாதிதான். அன்னைக்கு மட்டும் பதினோரு போன். இந்த நேரம் பாத்து கூட படிச்சவன் ஒருத்தன், இப்ப மதுரை பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல சிஸ்டம் அட்மினா இருக்கான், "மச்சி எங்களையும் விலான் போடச் சொல்றாங்க, நீ நாலு வருஷமா வெச்சிருக்கியே, எப்படிடா இருக்கு"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புறான். அவனுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சது இவ்ளோ நீளமாயிருச்சு.

விலான், ட்ரங்க் (பல விலானை ஒரே ஒயர்ல கொண்டுபோற லைன்) பத்தின முழுப் பாடம் எல்லாம் இதுல இல்ல, கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்குதான் இது. எங்க காலேஜ் கோயம்புத்தூர் பக்கம், மொத்தம் ஆறு பிளாக், அதுல ரெண்டு ஹாஸ்டல். நடுவுல ஒரு லேயர் 3 கோர் ஸ்விட்ச் (ரூட்டிங்கும் பண்ற மெயின் ஸ்விட்ச்), அங்கிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் ஃபைபர்.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா எல்லாமே ஒரே நெட்வொர்க், ஸ்லாஷ் 21, அதாவது 2046 ஐபி, லேப், அக்கவுண்ட்ஸ், கேமரா, ஹாஸ்டல் எல்லாரும் ஒரே பந்தியில. ஹாஸ்டல் பசங்க கேமராவோட டீஃபால்ட் பாஸ்வேர்டை கண்டுபிடிச்சு, மெஸ்ல இன்னைக்கு என்ன டிபன்னு ரூம்ல படுத்துக்கிட்டே பாத்துட்டு உப்புமான்னா வெளிய சாப்பிடப் போயிருவானுங்க. இது எனக்கே ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும். இன்னொருத்தன் வீட்டுல இருந்து வைஃபை ரவுட்டர் கொண்டாந்து அதோட லேன் போர்ட்ல நம்ம கேபிளை சொருகிட்டான், அது பாட்டுக்கு காலேஜ் பூரா டிஹெச்சிபி (தானா ஐபி கொடுக்கற சர்வீஸ்) வாரி வழங்கி, பிரின்சிபால் ரூம் சிஸ்டம் வரைக்கும் 192.168.1 வரிசையில ஐபி வாங்கிட்டு நெட் இல்லாம முழிச்சுச்சு. எந்த ரூம்ல இருக்குன்னு தேடிப்பிடிக்க ஒன்றரை நாள்.

ஆனா உண்மையான அடி 2019ல. லேப்ல யாரோ மேசையில இருந்த எட்டு போர்ட் குட்டி ஸ்விட்ச்சுல ஒரு ஒயர் சும்மா தொங்குதேன்னு அதோட மறுமுனையையும் அதே ஸ்விட்ச்சுலயே சொருகிட்டாங்க. லூப். ஐபி பாக்கெட்டுக்காவது டிடிஎல்னு ஒரு ஆயுசு உண்டு, ஈத்தர்நெட் ஃப்ரேமுக்கு அது கிடையாது, ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போற மெசேஜ்) உள்ள போனா சுத்திக்கிட்டே இருக்கும், சுத்தச் சுத்த பெருகும். ரேக்ல இருக்கற அத்தனை லைட்டும் ஒண்ணா சாமி வந்த மாதிரி ஆடுது. அன்னைக்கு ஃபீஸ் கட்ட கடைசி நாள் வேற, கவுண்டர்ல க்யூ வாசல் வரைக்கும். ரெண்டு மணி நேரம் காலேஜே செத்துக் கெடந்துச்சு.

அதனாலதான் 2021 ஊரடங்குல கேம்பஸ் காலியா கெடந்தப்ப மேனேஜ்மெண்ட்டை கெஞ்சி இதை செஞ்சேன். டிசைன்ல எனக்கு இன்னைக்கும் பெருமையா இருக்கற விஷயம் நம்பர் போட்ட விதம். முதல் எண் பிளாக், அடுத்த ரெண்டு எண் வேலை. 10 மேனேஜ்மெண்ட், 20 ஸ்டாஃப், 30 லேப், 40 ஆபீஸ், 60 கேமரா. மூணாவது பிளாக் லேப்னா விலான் 330, அதோட ஐபி 10.3.30 வரிசை. யாராவது போன்ல "10.1.40.25 சார்"னு சொன்னா கண்ண மூடிட்டு அட்மின் பிளாக், ஆபீஸ்னு சொல்லிரலாம். ஒரே விலானை எல்லா பிளாக்குக்கும் இழுக்கவே இல்ல, பிளாக் மாறினா ரூட்டிங்தான், ஒரு பிளாக்கோட பிராட்காஸ்ட் அந்த பிளாக்கோட செத்துரும். 802.1கியூ டேக்ல (எந்த விலான்னு ஃப்ரேம்ல ஒட்டற அடையாளம்) விலான் நம்பருக்கு 12 பிட், அதனால 4094 வரைக்கும் போடலாம்னு புக்ல போட்டிருக்கும், எனக்கு 31லயே பொழப்பு ஓடுது. விலான் 1ல யாரையும் விடல, நேட்டிவ் விலானுக்கு (ட்ரங்க்ல டேக் இல்லாம வர்றதுக்கு) யாருமே இல்லாத 998, சும்மா கெடக்கற போர்ட் எல்லாம் 999ல, அதுக்கு டிஹெச்சிபியும் கிடையாது கேட்வேயும் கிடையாது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், நிறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க. விலானா பிரிச்சுட்டு கோர்ல ரூட்டிங்கை ஆன் பண்ணிட்டு ஏசிஎல் (யார் எங்க போகலாம்ங்கற அனுமதி லிஸ்ட்) போடாம விட்டா பிரிச்சதுல பாதி பிரயோஜனம் இல்ல, சுவத்தை கட்டி கதவை தெறந்து வெச்ச கதைதான், ஹாஸ்டல்ல இருந்து கேமரா அப்பவும் தெரியும். ஹாஸ்டல் விலான்ல இருந்து 10.1.40க்கும் 60ல முடியற எதுக்கும் போகக்கூடாதுன்னு கோர்ல எழுதினதுக்கு அப்புறம்தான் மெஸ் லைவ் நின்னுச்சு.

இப்ப பாராட்டு. 2023ல அதே லேப், அதே குட்டி ஸ்விட்ச், அதே மாதிரி லூப். நான் கேண்டீன்ல டீ குடிச்சிட்டு இருந்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியாது. சாயங்காலம் லாக் பாத்தாதான் தெரியுது, பிபிடியு (லூப் இருக்கான்னு பாக்க ஸ்விட்ச் அனுப்பற மெசேஜ்) கார்டு அந்த ஒரு போர்ட்டை மட்டும் சாத்திருச்சு. ஸ்விட்ச் தானே அனுப்பின பிபிடியு லூப்ல சுத்தி தன்கிட்டயே திரும்பி வந்ததும் கதவை அடைச்சிருச்சு, அவ்ளோதான். ஏழு சிஸ்டம் டவுன், லேப் அசிஸ்டெண்ட் அக்கா நாளைக்கு சொல்லிக்கலாம்னு விட்டுட்டாங்க. பக்கத்து லேப்ல ஆன்லைன் டெஸ்ட் நடந்துட்டு இருந்துச்சு, ஒருத்தனுக்கும் தெரியல. இதுக்கு விலான் மட்டும் போதாது, போர்ட்டை சாத்தலன்னா அந்த வெள்ளம் ட்ரங்க் லைனை அடைச்சு மத்த விலானையும் இழுத்திருக்கும், ரெண்டும் சேந்துதான் காப்பாத்துச்சு. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (நம்ம சர்வர் தவிர வேற எதையும் ஐபி கொடுக்க விடாத காவல்) போட்டதுல இருந்து ஹாஸ்டல்ல எவன் ரவுட்டர் சொருகினாலும் அவன் ரூமோட அது நின்னுருது. நாலு வருஷத்துல முழு கேம்பஸ் டவுன் ஆனது ஜெனரேட்டர் மக்கர் பண்ணின அன்னைக்கு ஒரு தடவைதான். வேற என்ன வேணும்?

வேணும். நிம்மதி வேணும்.

முன்னாடி எல்லாம் எந்த ஓட்டையில சொருகினாலும் நெட் வந்துச்சு பாருங்க, அந்த ஒரு சுகம் போச்சு. இப்ப ஒவ்வொரு ஐஓ பாக்ஸுக்கும் (சுவத்துல இருக்கற நெட் பாயிண்ட்) ஒரு குணம் இருக்கு. அது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லைன்னு நெனைக்கறாங்க. எங்க காலேஜ்ல மேசை நகத்தறது ஒரு தேசிய விளையாட்டு. செமஸ்டர் ஆரம்பம்னா நகத்துவாங்க, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா நகத்துவாங்க, புது ஹெச்ஓடி வந்தா வாஸ்து பாத்து நகத்துவாங்க. நகத்தினதும் அட்டெண்டர் அண்ணன் பக்கத்துல எந்த பாக்ஸ் இருக்கோ அதுல ஒயரை சொருகிருவாரு. அது 999ல இருக்கும். சிஸ்டம் டிஹெச்சிபியை கூப்பிட்டு கூப்பிட்டு பாத்துட்டு தனக்குத்தானே 169.254ல ஒரு ஐபி போட்டுக்கும். எனக்கு போன் வரும்.

அக்கவுண்ட்ஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, ரிட்டயர்மெண்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. இப்ப அவங்க "நெட் வரல"ன்னு சொல்றதே இல்ல. "தம்பி, 169 வந்துருச்சு"ம்பாங்க, வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்கங்கற மாதிரி. நான் "அக்கா, ஒயரை மாத்தி சொருகினீங்களா"ன்னு கேப்பேன். "நான் ஏன் தம்பி மாத்தப் போறேன், கூட்டறப்ப கழண்டுச்சாம், அந்தப் புள்ள திருப்பி மாட்டி விட்டுச்சு"ம்பாங்க. போய்ப் பாத்தா ஆபீஸ் சிஸ்டம் கேமரா போர்ட்லயும் கேமரா ஆபீஸ் போர்ட்லயும் இருக்கும். எனக்கு கோவமும் வராது, யார் மேல வர்றது, பாவம் அந்தப் பொண்ணு நல்லதுக்குதானே மாட்டி விட்டுச்சு.

இதுக்கு வழி இல்லையான்னா இருக்கு, 802.1எக்ஸ். எந்த ஓட்டையில சொருகினாலும் ஆளைப் பாத்து ஸ்விட்ச்சே விலானை ஒதுக்கும். 2022ல ஒரு பிளாக்ல மட்டும் போட்டுப் பாத்தேன். விண்டோஸ்ல ஒயர்டு ஆட்டோ கான்ஃபிக்னு ஒரு சர்வீஸ், சும்மா விட்டா அது ஓடாது, நம்மதான் ஸ்டார்ட் பண்ணணும், எங்க லேப்ல டொமைன் (எல்லா சிஸ்டத்தையும் ஒரே இடத்துல இருந்து மேனேஜ் பண்றது) கிடையாதுங்கறதால அறுபது சிஸ்டம்லயும் ஒவ்வொண்ணா உக்காந்து பண்ணினேன். பழைய பிரிண்டருக்கும் பயோமெட்ரிக்குக்கும் அந்த பாஷையே தெரியாது, அதுகளுக்கு மேக் அட்ரஸ் (மெஷினோட ஹார்டுவேர் நம்பர்) லிஸ்ட் தனி. ஒரு நாள் யாரை உள்ள விடலாம்னு சரிபாக்கற ரேடியஸ் சர்வர் ஹார்டு டிஸ்க் போச்சு, ஒருத்தரும் உள்ள வர முடியல. அன்னைக்கே கழட்டிட்டேன். திரும்பவும் அட்டெண்டர் அண்ணன் ராஜ்ஜியம்தான்.

என் மேல தப்பே இல்லைன்னு சொல்லிட்டுப் போனா அது நியாயம் இல்ல. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல இருந்தே விபிஎன்ல அட்மின் பிளாக் ஸ்விட்ச்சுக்குள்ள போனேன். புது பயோமெட்ரிக்குக்கு விலான் 170, அதை கோருக்குப் போற அப்லிங்க் ட்ரங்க்ல சேக்கணும். கமாண்ட் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் ஆட் 170'. நான் அந்த 'ஆட்'டை விட்டுட்டேன். மூணு எழுத்து. அது இல்லைன்னா சேருன்னு அர்த்தம் இல்ல, 170 மட்டும் போதும், மத்ததெல்லாம் வெளிய போன்னு அர்த்தம். 110, 120, 140, 160 எல்லாம் காலி, நான் உக்காந்திருந்த மேனேஜ்மெண்ட் விலானும் அதுல போச்சு. என்டர் தட்டினதும் ஸ்க்ரீன் உறைஞ்சு நின்னுச்சு. உக்காந்த கிளையையே வெட்டறதுன்னு சொல்வாங்களே, அதுக்கு ஒரு கமாண்டே வெச்சிருக்கானுங்க, நிச்சயமான்னு ஒரு வார்த்தை கேக்கவும் மாட்டேங்குது.

ஒரே நல்ல விஷயம், நான் சேவ் பண்ணல. பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா பழைய கான்ஃபிக் தானா வந்துரும். வாட்ச்மேன் அண்ணனுக்கு போன் போட்டு "அண்ணே, ஆபீஸ் ரூம் உள்ள போயி அந்த ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க"ன்னேன். போனாரு. "ஆஃப் பண்ணிட்டேன் தம்பி." "லைட் எல்லாம் அணைஞ்சுதாண்ணே?" "அணைஞ்சுருச்சு, ரூமே இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல." டியூப்லைட் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணியிருக்காரு மனுஷன். தப்பு அவர் மேல இல்ல, நான் சொன்னதும் அவர் செஞ்சதும் ஒண்ணுதான். அப்புறம் "மூலையில கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பொட்டி, அதுல பச்சை பச்சையா மினுக்குது பாருங்க, அதுக்கு பின்னாடி வர்ற கறுப்பு ஒயரு"ன்னு வழி சொல்லி புடுங்க வெச்சு, அது பூட் ஆகி பிங் வர்றதுக்குள்ள எனக்கு பத்து வயசு கூடிருச்சு. இப்ப எந்த ரிமோட் ஸ்விட்ச்சுல கை வெச்சாலும் முதல்ல 'ரீலோட் இன் 10' போட்டுருவேன், பத்து நிமிஷத்துல நான் கேன்சல் பண்ணலன்னா அதுவா ரீஸ்டார்ட் ஆகி பழைய நிலைக்கு வந்துரும். நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லாதவங்களுக்கு ரொம்ப நல்ல கமாண்ட்.

பிரிண்டர் விஷயம் தனிக்கதை, செல்போன்ல இருந்து பிரிண்டரை தேடற எம்டிஎன்எஸ் விலான் தாண்டாது, அதனால ஹெச்ஓடிங்க எல்லாம் இப்பவும் வாட்ஸ்அப்ல எனக்கு பிடிஎஃப் அனுப்பி பிரிண்ட் கேக்கறாங்க. விடுங்க.

சரி, மச்சி கேட்டதுக்கு வர்றேன். டெக்னிக்கலா பாத்தா நான் இந்த காலேஜ்ல செஞ்ச வேலையிலயே உருப்படியானது இதுதான், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா மார்க் போடச் சொன்னா இன்னைக்கு அஞ்சுக்கு ரெண்டு. போடாதடா. ரெண்டு பில்டிங்தானே உங்களுக்கு, பேசாம ஹாஸ்டலை மட்டும் தனி லைன்ல பிரிச்சு விட்டுட்டு ராத்திரி நிம்மதியா தூங்கு. நீ கேக்க மாட்ட, போடத்தான் போற, தெரியும். அப்படி போட்டா ஸ்விட்ச்சுக்கு கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு லேபிள் பிரிண்டர் வாங்கு, எல்லா ஐஓ பாக்ஸ்லயும் பேட்ச் பேனல் (ரேக்ல ஒயர் எல்லாம் வந்து சேர்ற பலகை) நம்பரை ஒட்டு, கான்ஃபிக் பேக்கப்பை தெனமும் ராத்திரி தானா எடுக்கற மாதிரி வெச்சுரு. நான் இது மூணையும் அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டவன்.

அந்த இடி விழுந்த ஸ்விட்ச்சுல பதினேழாம் நம்பர் போர்ட் இன்னும் எங்க போகுதுன்னு தெரியல. கேபிள் டிராக்கரை வெச்சுத் தேடினா ஸ்டாஃப் ரூம் மேக்குச் சுவத்துல சத்தம் வருது, ஆனா அந்த இடத்துல பழைய ஆன்சர் பேப்பர் அடுக்கின இரும்பு பீரோ நிக்குது. திங்கக்கிழமை நாலு பேரை கூட்டிட்டுப் போயி நகத்தணும். அட்டெண்டர் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், நகத்தறதுன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.