சான்ட்ரோ ஆக்ஸில் வேலை: 19,000 சொன்னார்கள், 5,850-ல் முடிந்தது

எங்கள் வீட்டு சான்ட்ரோ கார் 2009 மாடல், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன மாதம் சென்னை பாடி மேம்பாலத்துக்குக் கீழே யூ-டர்ன் அடிக்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்தில் இருந்து 'டக் டக் டக்' என்று சத்தம். நேராக ஓட்டினால் சுத்தமாக இல்லை, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் வருகிறது, வேகம் கூடக் கூட டக்டக்கும் வேகமாகிறது. டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது என்றாள் மகள்.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, பத்தே நிமிஷத்தில் இரண்டு பக்கமும் ஆக்ஸில் அசெம்பிளி (கியர்பாக்ஸில் இருந்து சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்ட், இரண்டு முனை ஜாயின்ட்களோடு) மாற்ற வேண்டும், 19,000 ஆகும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றேன். "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." சரி என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அப்புறம் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. அங்கே கழற்றிய ஆக்ஸில் 1,500-க்குக் கிடைத்தது, கையில் எடுத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. நல்லவேளை, வாங்குவதற்கு முன்னால் கொளத்தூரில் நண்பன் சொன்ன மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "அதுவும் இதே வயசு வண்டியில இருந்து கழட்டினதுதானே சார், உள்ள குண்டு எப்படி இருக்குன்னு வெளியில இருந்து தெரியுமா? முதல்ல வண்டியை எடுத்துட்டு வாங்க."

இந்த ரிவ்யூ அவர் கடைக்குத்தான். கடைக்கு போர்டு கிடையாது, அதனால் பெயர் கேட்காதீர்கள்.

வண்டியைத் தூக்கியதும் இடது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். பூட் சுற்றிலும் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கிற ஹப் நட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மை விடுவித்து, ஷாஃப்ட்டை கியர்பாக்ஸில் இருந்து உருவி மேஜையில் வைத்தார். வெளி ஜாயின்ட்டை, அதாவது சக்கரத்து ஓரத்தில் இருப்பதை, தட்டிப் பிரித்தபோது உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் மணலும் துருவும். ஆறு குண்டுகளும் ஓடுகிற பள்ளங்களில் நகத்தை வைத்தால் குழி தட்டுப்பட்டது, சத்தம் அதில்தான். உள்பக்கம், அதாவது கியர்பாக்ஸ் ஓரத்து ஜாயின்ட், நன்றாகவே இருந்தது. அது தேய்ந்தால் திருப்பும்போது சத்தம் வராது, வேகம் எடுக்கும்போது வண்டி அதிரும் என்றார், எனக்கு அந்த அதிர்வு இருந்ததே இல்லை. வலது பக்கத்தையும் உருவிப் பார்த்தோம். பூட்டில் லேசான விரிசல், ஜாயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆக, இடது வெளி ஜாயின்ட் கிட் ஒன்று, வலதுக்கு வெறும் பூட். இவ்வளவுதான் தேவை! பழைய ஜாயின்ட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், பல்லை எண்ணிப் பார்த்து வாங்கச் சொன்னார், மாடல் பெயரை மட்டும் சொன்னால் தப்பானதைக் கொடுத்துவிடுவார்களாம். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டிக்காரர்கள் ஜாயின்ட்டின் மேல் இருக்கிற பல் வளையத்தையும் பார்த்து வாங்குங்கள், என் வண்டிக்கு அந்தத் தலைவலி இல்லை.

பில் இது: ஜாயின்ட் கிட் 2,400, பூட் 450, கியர்பாக்ஸ் ஆயில் சீல் (ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) இரண்டும் 300, கியர் ஆயில் 900, புது ஹப் நட் இரண்டு 200, கூலி 1,600. ஷாஃப்ட்டை உருவினால் கியர் ஆயில் கொஞ்சம் வெளியே வரும், நானே முழுசாக மாற்றச் சொல்லிவிட்டேன். கிட்டோடு வந்த கிரீஸ் பாக்கெட்டை மிச்சம் வைக்காமல் பிதுக்கி அடைத்தார். அது மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். டப்பாவில் இருக்கிற சாதா கிரீஸைத் தடவி அனுப்பும் இடங்கள் உண்டு, நின்று பார்ப்பது நல்லது.

குறையே இல்லையா? இருக்கிறது. பழைய ஹப் நட்டையே போட்டுவிடலாம் என்றார். அது தட்டி மடக்கிப் பூட்டுகிற நட், ஒரு தடவை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன், முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வந்தார். நட்டை முறுக்கியதுகூட டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இல்லை, நீளக் குழாய் மாட்டி, என்னை பிரேக் மிதிக்கச் சொல்லி, கை அளவில்தான். இது எனக்கு உறுத்தியது, அடுத்த வாரம் டயர் கடை ஒன்றில் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பார்க்கிங்கில் இரண்டு சொட்டு ஆயில். சீல் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. ஒரு பேச்சும் பேசாமல் திரும்பக் கழற்றி, வேறு சீல் போட்டு, குறைந்த ஆயிலையும் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் எனக்கு அரை நாள் லீவு போச்சு.

இப்போது 700 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. அதே யூ-டர்ன், சத்தம் இல்லை, தரையில் சொட்டும் இல்லை. பழைய ஜாயின்ட்டை ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார், டிக்கியில் கிடக்கிறது.

உட்கார ஒரே ஒரு ஸ்டூல், வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஞாயிறு லீவு. காலை பத்து மணிக்குள் வண்டியை விட்டால் சாயங்காலம் கிடைக்கும், மதியம் போனால் மறுநாள்தான்.