பந்தலூரில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ்

அப்பாவின் வங்கிக் கணக்கும் பி.எஃப். பாக்கியும் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் நகராது என்று தம்பி போனில் சொன்னபோதே, இந்த முறை ஊர்ப் பயணம் ஆபீஸ் பயணம்தான் என்று புரிந்துவிட்டது. கனடாவிலிருந்து வரும் நம்மவர்கள் பலருக்கும் இதே வேலை இருக்கும். நீலகிரியின் மேற்கு மூலையில், சேரம்பாடிப் பக்கம், அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் வழி. நீலகிரி என்றதும் எல்லாரும் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போடுகிறார்கள். பந்தலூர், சேரம்பாடி போக அது சுற்று. கோழிக்கோட்டில் இறங்கி நிலம்பூர், வழிக்கடவு வழியாக நாடுகாணிச் சுரம் ஏறினால் தேவாலா, அடுத்தது பந்தலூர். கேரளா டாக்சி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருக்கிற ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சலை வைத்துப் பதியலாம். விமானம் ஏறும் முன்பே எடுத்துவிட்டேன், செக்போஸ்ட்டில் க்யூஆரைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். நீலகிரியில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்நாட்டு ஊருக்குப் போக கேரளா வழி ஏன் கிட்டம் என்று என் மகள் கேட்டாள். ஊரே அந்தப் பக்கத்து ஊர்தான், அதனால். 1868 வரை நீலகிரி மலை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. அந்த ஆண்டு தனியாகப் பிரித்து ஒரு கமிஷனரிடம் கொடுத்தார்கள். முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். கலெக்டர் வந்தது 1882-இல். ஆனால் முதலில் பிரித்த நீலகிரியில் கூடலூரும் பந்தலூரும் கிடையாது. அவை மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்தவை. 1873-இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கைச் சேர்த்தார்கள். 1877-இல் தென்கிழக்கு வயநாட்டின் நம்பாலக்கோட்டை, முனநாடு, சேரங்கோடு ஆகிய மூன்று அம்சங்களும் (மலபாரில் வருவாய்ப் பிரிவை அப்படிச் சொல்வார்கள்) வந்தன. காப்பித் தோட்டங்கள் பெருகிய காலம். துரைமார்கள் எல்லாம் ஊட்டியில் இருந்தார்கள். தோட்டத்துக் கூலியிடம் யார் கேட்டார்கள்! கனடாவில் 1999-இல் நூனவுட் என்று புதிதாக ஒரு ஆட்சிப் பகுதி பிரித்தார்கள்; அதற்கு முன்பே 1995-இல், தலைநகர் எது என்று அங்கிருந்த மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், இக்காலுயிட் ஜெயித்தது. இங்கே பந்தலூர்க்காரன் கலெக்டரைப் பார்க்க கூடலூருக்கு 25 கிலோமீட்டர், அப்புறம் நடுவட்டம் ஏறி ஊட்டிக்கு இன்னும் 50 போக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. திரும்பும்போது இருட்டினால் யானை வேறு.

அதனால்தான், கூடலூரிலிருந்து பிரித்துப் பந்தலூரைத் தனித் தாலுகா ஆக்கியது எங்கள் ஆட்களுக்குப் பெரிய விஷயம். 2011 கணக்கெடுப்பில் மொத்தமே 7,35,394 பேர் இருந்த சின்ன மாவட்டத்துக்கு ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா எதற்கு என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். வரைபடத்தில் ஒரு விரல் அகலம் இருப்பதை வளைந்து வளைந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கட்டும்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். வீட்டிலிருந்தே ஆன்லைனில் போடலாம்தான், ஆனால் ஓடிபி வர இந்திய நம்பர் வேண்டும். கனடா நம்பரை அந்த இணையப் பக்கம் ஏற்கவே இல்லை. தம்பி நம்பரில் இ-சேவை மையத்தில் போட்டோம், கட்டணம் 60 ரூபாய். அதற்கு முன் போன ஒரு தனியார் நெட் சென்டரில் “எல்லாம் சேர்த்து ஐநூறு ஆகும்க்கா” என்றார்கள். எதெல்லாம் சேர்த்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை, எழுந்து வந்துவிட்டோம்.

விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், அங்கிருந்து ஆர்.ஐ.க்குப் போய், கடைசியில் தாசில்தாரிடம் வரும். எங்களுக்குச் சிக்கல் வி.ஏ.ஓ. கட்டத்தில் வந்தது. அப்பா இலங்கையிலிருந்து வந்தவர். 1964 சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களுக்கு மண்டபம் முகாமில் ஒரு குடும்ப அட்டை கொடுப்பார்கள். எல்லாரும் சேர்ந்து நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் பாதி ஏறிய ரப்பர் ஸ்டாம்ப். எங்கள் அட்டை நான்காக மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்னால் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிக் கிடந்தது. அதில் அப்பா பெயருக்கு இனிஷியல் கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. வி.ஏ.ஓ. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது மூணும் ஒரே ஆளா?”

“ஒரே ஆள்தான் சார். முகத்தைப் பாருங்க.”

“முகத்தைப் பார்த்து எழுத எனக்கு அதிகாரம் இல்லையே. பக்கத்து லைன் வீட்டுல பழைய ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க.”

அப்பாவோடு கப்பலில் வந்த ஒரு தாத்தாவும், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் அம்மாவோடு கொழுந்து பறித்த ஒரு அத்தையும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். தாத்தா சும்மா கையெழுத்துப் போடவில்லை. தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியதிலிருந்து தொடங்கிவிட்டார். வி.ஏ.ஓ. பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கல்யாணமாகிப் போன மகள் என்பதால் என் பெயரைச் சேர்க்க மறுப்பார்களோ என்று பயந்தேன். அப்படி எதுவும் இல்லை, கனடா விலாசத்தையும் எழுதிக்கொண்டார்கள். சில நாட்களில் தம்பி போனுக்கு எஸ்எம்எஸ். க்யூஆர் போட்ட பிடிஎஃப், தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்து. நாங்கள் யாருக்கும் டீ கூட வாங்கிக் கொடுக்கவில்லை. பழைய காலத்தில் இதே வேலைக்குக் கூடலூருக்கு அலைந்த அம்மாவால் அதை நம்பவே முடியவில்லை.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பெண் பையோடு லைனுக்கு வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பெரிய வியாதி என்றால் வேறு கதை. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். மலை மாவட்டத்துக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் சேரம்பாடியில் நெஞ்சு வலித்தால் வண்டி இன்னும் சுல்தான் பத்தேரிப் பக்கம்தான் திரும்புகிறது. எங்கள் ஆட்கள் மலையாளம் பேசுவது சினிமா பார்த்துக் கற்றதில்லை.

இதெல்லாம் நடந்தது. நடக்காதது வீட்டு விஷயம். ரிட்டையர் ஆனால் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று, அப்பா முன்னாலேயே ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டி வைத்தார். அது செக்‌ஷன் 17 நிலம். கூடலூர், பந்தலூர் பக்கம் இந்த எண்ணைச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். இங்கே நிலமெல்லாம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, இருந்தது. மாவட்டம் மாறி நீலகிரிக்கு வந்தபோதும் மலபார் நில முறை அப்படியே தொடர்ந்தது. கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-இல். நடைமுறைக்கு வந்தது 1974-இல். நேரடியாகப் பயிர் வைத்திருந்தவர்களுக்கு அதன் 8, 9, 10 பிரிவுகளில் பட்டா கிடைக்க வழி இருந்தது. எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம்தான் 17-ஆம் பிரிவு. வழக்கு, மேல் வழக்கு என்று அது தீராமலே கிடக்க, அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். ஓட்டு உண்டு, ரேஷன் கார்டு உண்டு, பட்டா கிடையாது. பட்டா இல்லை என்பதால் பல குடும்பங்கள் கரண்டுக்காக வருடக் கணக்கில் அலைந்தன.

வாரிசுச் சான்றிதழை வைத்து வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றலாமா என்று இரண்டு இடத்தில் விசாரித்தேன். மாற்றுவதற்கு அப்பா பெயரிலேயே ஒன்றும் இல்லையே என்றார்கள். சொன்னது சரிதான், குத்தம் சொல்ல முடியாது. சான்றிதழில் தாசில்தார் கையெழுத்துப் போடலாம். செக்‌ஷன் 17-ஐத் தீர்ப்பது சென்னை அரசும் நீதிமன்றமும்தான். தாலுகா கிட்டத்தில் வந்தாலும் முடிவு எடுக்கிற இடம் தூரத்திலேயே இருக்கிறது. தனி மாவட்டமே கொடுத்தாலும் இந்த ஒரு பிரிவு அப்படியேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. தம்பிக்கு இதில் என்னோடு ஒத்துப்போகாது. கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் எதுவும் நடக்கும் என்கிறான். அடுத்த ஜமாபந்தியில் (தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) மனு கொடுக்க நகல்களை அடுக்கி வைத்திருக்கிறான். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன்.