பழைய மின்னஞ்சல்களைக் காப்பாற்ற தண்டர்பேர்ட்: தாராளமாக நம்பலாம்

இங்கே மொரீஷியஸில் நம்மூர் நிறுவனம் ஒன்று தன் மின்னஞ்சல் சேவையை மூடப்போகிறது என்றதும் ரோஸ் ஹில்லில் எங்கள் சங்கத்துக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கும்பாபிஷேகத்துக்காகத் தமிழ்நாட்டு ஸ்தபதிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து, கோபுர வரைபடங்கள், காவடிச் செலவுக் கணக்கு எல்லாம் அதில்தான் இருந்தன. இறக்கி வைக்க நான் எடுத்துக்கொண்டது தண்டர்பேர்ட். 2004-இல் 1.0 பதிப்பு வந்த இலவச மின்னஞ்சல் மென்பொருள்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கணக்கைச் சேர்ப்பது சுலபம். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஆபத்தே அங்கேதான். ஐமேப் என்ற வழக்கமான இணைப்பு முறையில் நம் கணினியில் தெரிவது சேவை நிறுவனத்தின் சர்வரில் உள்ளதன் பிரதிபலிப்பு, அங்கே அழிந்த அஞ்சல் அடுத்த முறை இணையும்போது இங்கேயும் காணாமல் போகும். அதனால் எல்லாவற்றையும் நம் கணினியிலேயே தங்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குள் நகலெடுத்துவிடுங்கள். அனுப்பிய அஞ்சல்களையும் சேர்த்துத்தான். நாம் கேட்ட கேள்வி இல்லாமல் ஸ்தபதியின் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எனக்கு ரொம்பப் பிடித்தது, அஞ்சல்களை அது எம்பாக்ஸ் என்ற திறந்த வடிவத்தில் வைப்பது. நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறு மென்பொருளில் திறக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்த அஞ்சல்கள் திரையில் கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகளாகத்தான் தெரிந்தன, பயந்துவிடாதீர்கள், உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது. அதை அப்படியே எடுத்து பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றித் தரும் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டதும் "ஐயா, வணக்கம்" என்று தமிழ் வந்து நின்றது!

குறை உண்டு. பெரிய ஃபோல்டரை ஒரேயடியாக நகலெடுத்தால் நடுவில் நின்றுவிடுகிறது, ஆண்டு வாரியாகப் பிரித்துச் செய்தால் சரியாக வருகிறது. முடிந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, கோப்பு இணைத்து வந்த பழைய அஞ்சல் சிலவற்றைத் திறந்து பாருங்கள். அப்புறம், 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கு வந்த பதிப்பு இந்த வேலைக்குத் தோதுப்படாது, கணினியில்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, தண்டர்பேர்டை மூடிவிட்டு அஞ்சல்கள் எல்லாம் இருக்கும் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை இரண்டு வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே, அதனால் ஒரு டிஸ்க் சங்கத்திலும் இன்னொன்று காத்ர் போர்ன் ஊரில் தங்கச்சி வீட்டிலும் இருக்கிறது.