லாக் இல்லாத மடக்குக் கத்தி போதுமா? விக்டோரினாக்ஸ் கேடெட் அலாக்ஸ் ரிவ்யூ

தினமும் பாக்கெட்ல வெச்சுக்க ஒரு கத்தி சொல்லுங்கன்னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது லாக் இல்லாத மடக்குக் கத்தியைத்தான், அதுலயும் குறிப்பா சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸோட கேடெட் அலாக்ஸ். (திறந்த பிளேடு தானா மடங்காம பூட்டிப் பிடிக்கிற அமைப்புதான் லாக்.) சொன்ன உடனே வர்ற கேள்வி, "லாக் இல்லன்னா பட்டுனு மடங்கி விரலை வெட்டிடாதா?" நியாயமான பயம்தான், அதனால முதல்ல அதைப் பேசிட்டு அப்புறம் கத்திக்கு வர்றேன்.

வெட்டும்போது விசை எந்தப் பக்கம் விழுதுன்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. கயிறோ அட்டையோ பழமோ எதை வெட்டினாலும் அந்தப் பொருள் பிளேடோட வாய்ப்பக்கத்தைத்தான் எதிர்த்துத் தள்ளுது, அந்தத் தள்ளல் பிளேடை இன்னும் திறக்கிற திசைக்குத்தான் கொண்டுபோகும், மடக்குற திசைக்கு இல்ல. அதாவது ஒழுங்கா வெட்டுற வரைக்கும் லாக்குக்கு அங்க வேலையே கிடையாது. மடங்குறதுக்கு முதுகுப்பக்கம் அழுத்தம் வரணும், அது எப்ப வரும்னா நுனியை வெச்சு நேரா குத்தும்போது, தடி அட்டைல பிளேடு மாட்டிக்கிட்டு அதை ஆட்டி ஆட்டி வெளிய எடுக்கும்போது, இல்ல எதையாவது நெம்பும்போது. இதுல நெம்புறது எந்த மடக்குக் கத்திலயும் செய்யக் கூடாது, லாக் இருந்தாலும் சரி, நுனி உடையும் இல்லன்னா பிவட், அதான் பிளேடு சுழல்ற ஆணி, ஆட்டம் கண்டுடும். குத்துற வேலை தினசரி வாழ்க்கைல எவ்வளவு வருதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க, எனக்கு ரொம்பவே கம்மி.

சரி, லாக் இல்லன்னா எது பிடிச்சு வெச்சிருக்குன்னா, ஸ்பிரிங். கைப்பிடியோட முதுகுல நீளவாக்குல ஒரு தடியான ஸ்பிரிங் பட்டை ஓடுது, பிளேடோட அடிப்பகுதி, அதான் டாங்க்னு சொல்ற இடம், அங்க சதுரமா தட்டையா தேய்ச்சிருப்பாங்க. பிளேடு முழுசா திறந்திருக்கும்போது அந்தத் தட்டைமேல ஸ்பிரிங் அப்படியே படிஞ்சு அழுத்திக்கிட்டு இருக்கும். மூடணும்னா டாங்கோட மூலை ஸ்பிரிங்கைத் தூக்கிட்டுத்தான் திரும்பணும், அதுக்கு நாம வேணும்னே தள்ளணும். மூலையைத் தாண்டிட்டா ஸ்பிரிங்கே மிச்சத்தை இழுத்து டக்குனு மூடிடும். இதுக்குத்தான் ஸ்லிப்ஜாயிண்ட்னு பேர். சில கத்திகள்ல டாங்க்ல இன்னொரு பக்கமும் தட்டையா இருக்கும், அதனால பாதி மூடும்போது 90 டிகிரில ஒரு தடவை நின்னுட்டுப் போகும், ஹாஃப் ஸ்டாப்னு சொல்வாங்க, விரலை நகர்த்திக்க ஒரு அவகாசம் கிடைக்கும். முதல் கத்தி வாங்குறவங்களுக்கு அது ரொம்ப நல்ல விஷயம்.

மூடுற விஷயத்துல லாக்கை விட இதுதான் பாதுகாப்புன்னே நான் சொல்வேன். லைனர் லாக், அதாவது கைப்பிடிக்குள்ள இருக்கிற ஒரு மெல்லிய தகடு பிளேடுக்குப் பின்னாடி வந்து முட்டு குடுக்கிற வகை, அந்தக் கத்தியை மூடணும்னா கட்டை விரலை உள்ள விட்டு லாக்கைத் தள்ளணும், அந்த நேரத்துல விரல் பிளேடு வர்ற பாதைலயே நிக்குது. ஸ்லிப்ஜாயிண்ட்ல ஒரு கைல கைப்பிடியைப் பக்கவாட்டுல பிடிச்சு, இன்னொரு கை உள்ளங்கையால முதுகைத் தள்ளினா போதும், எந்த விரலும் குறுக்க வரவேண்டியதில்ல. அதுமட்டும் இல்லாம லாக் இருக்குங்கிற தைரியத்துல ஆளுங்க கத்திகிட்ட கேக்கக் கூடாத வேலையெல்லாம் கேக்கறாங்க. பாக்கெட் பஞ்சும் தூசும் உள்ள சேர்ந்து, இல்ல தேய்ஞ்சுபோய், லாக் முழுசா உக்காராம இருக்கிறதும் நடக்குற விஷயம்தான். லாக் இல்லாத கத்தில அந்த நம்பிக்கைக்கே இடமில்ல, எந்தப் பக்கம் தள்றோம்னு கை தானா பார்த்துக்க ஆரம்பிச்சுடும். கொஞ்ச நாள்ல அது பழகிட்டா எந்தக் கத்தியை எடுத்தாலும் அதே ஒழுங்கோட பிடிப்பீங்க.

இப்ப கேடெட்டுக்கு வர்றேன். மூடினா 84 மி.மீ நீளம், எடை 46 கிராம். பெரிய பிளேடு ஒண்ணு, நக அரம், டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், ஒரு சாவி வளையம், அவ்வளவுதான். டின் ஓப்பனரோட நுனி சின்ன ஸ்க்ரூடிரைவர், பாட்டில் ஓப்பனரோட நுனி பெரிய ஸ்க்ரூடிரைவர். அந்தச் சின்னது பிளஸ் தலை ஸ்க்ரூவுக்கும் நல்லாவே பிடிக்கும், தட்டைதானேன்னு நினைக்காதீங்க, மூக்குக் கண்ணாடி சைஸ் தவிர ரிமோட், பொம்மை, ஸ்விட்ச் பாக்ஸ் மூடி மாதிரி சின்ன சாமான் பலதுக்கும் அதுவே போதும். (கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டுத்தான், அலுமினியம் கைப்பிடி.)

அலாக்ஸ்ங்கிறது அந்தக் கைப்பிடித் தகடு. அலுமினியத்துல சின்னச் சின்ன கட்டமா அச்சு குத்தி, மேல ஆனோடைஸ் பண்ணியிருப்பாங்க, அதாவது மின்சாரம் மூலமா கெட்டியான ஒரு ஆக்சைடு படலம் ஏத்தியிருப்பாங்க. சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடி வர்ற மாடலை விட இது மெல்லிசு, ஈரக் கைலயும் வழுக்காது. தகடை ரிவிட் அடிச்சு நிறுத்தியிருக்கறதால கழண்டு வர்ற பேச்சே இல்ல. ஆனா பிளாஸ்டிக் கைப்பிடில இருக்கிற டூத்பிக்கும் சின்ன இடுக்கியும் இதுல வராது. கத்தரிக்கோலும் கிடையாது. எனக்குக் கத்தரிக்கோல் இல்லாத குறை அப்பப்ப தெரியும், ஆனா அது வேணும்னா இன்னொரு அடுக்கு சேரும், அடுக்கு சேர்ந்தா தடிக்கும், தடிச்சா பாக்கெட்ல உறுத்தும், உறுத்தினா வீட்ல வெச்சுட்டுப் போயிடுவோம். கூட இல்லாத கத்தி எவ்வளவு நல்லா இருந்து என்ன?

பிளேடு பத்தி நிறையச் சொல்லணும், ஏன்னா இந்த வகைக் கத்தியோட உண்மையான சுகம் அதுலதான் இருக்கு. லாக் வெச்ச பெரிய கத்திகள்ல பிளேடு 3 மி.மீ, 4 மி.மீ தடிமனெல்லாம் சாதாரணமா வரும், முரட்டு வேலையைத் தாங்கணும்னு அப்படிப் பண்றாங்க. இங்க பிளேடு சுமார் 2 மி.மீதான், முதுகுல இருந்து வாய் வரைக்கும் மெலிஞ்சுகிட்டே வரும். அதனால வெட்டும்போது பொருளைப் பிளந்துகிட்டு போகாது, வழுக்கிகிட்டு போகும். பழத்தோலை சீவினீங்கன்னா வித்தியாசம் உடனே தெரியும், தடி பிளேடு சதையை உடைக்கும், இது ரிப்பன் மாதிரி சுருளா எடுக்கும். பென்சில் சீவவும் அப்படித்தான், மரம் பிசிறு இல்லாம வரும்.

ஸ்டீல் ரொம்ப உசத்தியான ஸ்டீல் கிடையாது, ஸ்டெயின்லெஸ், கடினம் ராக்வெல் அளவுல 56. இன்னைக்கு 60க்கு மேல போற பவுடர் ஸ்டீல் (உலோகப் பொடியை இறுக்கிச் செய்ற ஸ்டீல்) கத்திகளோட ஒப்பிட்டா கூர் சீக்கிரமே மழுங்கும். ஆனா எனக்கு இது குறையாவே படல. கடினமான ஸ்டீல் மழுங்கிடுச்சுன்னா வைரக் கல்லைத் தேடணும், இதுக்கு வீட்ல இருக்கிற பீங்கான் கப்பைக் கவுத்து வெச்சு, அடில பளபளப்பு இல்லாம சொரசொரப்பா ஒரு வளையம் இருக்கும் பாருங்க, அதுல பக்கத்துக்கு 15லிருந்து 20 டிகிரி சாய்வுல சில தடவை இழுத்தாலே கூர் திரும்பிடும். துருவும் சுலபத்துல பிடிக்காது.

அட்டைப்பெட்டி டேப் வெட்டும்போது முழு பிளேடையும் இறக்காதீங்க, நுனில ஒரு சென்டிமீட்டர் மட்டும் உள்ள போற மாதிரி படுக்க வெச்சு இழுங்க, உள்ள இருக்கிற சாமானும் தப்பிக்கும், நுனி எங்கயும் முட்டி மடங்கற வாய்ப்பும் இருக்காது. கேபிள் டையை வெட்டணும்னா பிளேடை டைக்கு அடில விட்டு வாய் மேல பார்க்கிற மாதிரி வெச்சு மெதுவா தூக்குங்க, விசை வாய்ப்பக்கமே விழுறதால கத்தி இன்னும் கெட்டியா நிக்கும். டேப் பசை பிளேடுல ஒட்டிக்கிட்டா ஒரு சொட்டு எண்ணெய் வெச்சுத் துடைச்சா போயிடும், அதை விட்டுட்டு நகத்தால சுரண்டாதீங்க.

திறக்குறது ரெண்டு கை வேலை, பிளேடுல நகம் வைக்கிற பள்ளம் இருக்கு. ஒரே கைல திறக்கணும்னு பிடிவாதமா இருக்கிறவங்களுக்கு இந்த வகையே ஒத்துவராது, ஏணில நின்னுகிட்டோ ஒரு கைல எதையோ பிடிச்சுகிட்டோ வேலை பார்க்கிறவங்களுக்கு லாக் வெச்ச ஒரு கைக் கத்திதான் சரி, அதை நான் மறுக்கல. சுவிஸ் ராணுவமே 1961லிருந்து லாக் இல்லாத அலாக்ஸ் கத்தியைக் கொடுத்துட்டு, 2008ல லாக் வெச்ச, ஒரு கைல திறக்கிற மாடலைத் தேர்ந்தெடுத்துடுச்சு. சிப்பாய் வேலைக்கு அது தேவை. கூரியர் பார்சலுக்கும் சட்டைல தொங்குற நூலுக்கும் மருந்து அட்டைக்கும் அது தேவையில்லன்னுதான் சொல்றேன்.

ரெண்டு கைல நிதானமா திறக்கறதுல இன்னொரு நல்லதும் இருக்கு. பக்கத்துல இருக்கிறவங்க மிரள மாட்டாங்க. கறுப்பு பிளேடு ஒண்ணு சடக்குனு விரிஞ்சா ஆபீஸ்ல நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க, இதை எடுத்தா "ஒரு நிமிஷம் குடுங்க, இதையும் வெட்டிக்கிறேன்"னு கேட்டு வாங்குவாங்க. சட்டமும் சில நாடுகள்ல இந்த வித்தியாசத்தைப் பார்க்குது. இங்கிலாந்துல 1988 சட்டப்படி, வாய் 3 அங்குலத்துக்கு மேல போகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வெச்சுக்கலாம், ஆனா லாக் ஆகுற கத்தி அந்தச் சலுகைல வராதுன்னு 1993ல கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு. ஜெர்மனில ஒரு கைல திறந்து லாக் ஆகுற கத்தியைத் தகுந்த காரணம் இல்லாம எடுத்துட்டுப் போகக் கூடாது. எந்த நாடா இருந்தாலும் அங்க என்ன விதின்னு பார்த்துட்டு வாங்குங்க, விமானத்துல கைப்பைல மட்டும் வெக்கவே வெக்காதீங்க.

கேடெட் பிடிக்கலன்னா வேற என்ன? மரக் கைப்பிடி பிரியர்களுக்கு ஓபினெல். பிரான்ஸ்ல சவோய் பகுதில ஜோசப் ஓபினெல் 1890ல ஆரம்பிச்சது, 1955ல சுழல்ற வளைய லாக் வர்ற வரைக்கும் எல்லாமே லாக் இல்லாமத்தான் இருந்துச்சு, இன்னைக்கும் 2லிருந்து 5ம் நம்பர் வரைக்கும் வளையம் கிடையாது. இதுல ஸ்பிரிங்கும் இல்ல, மரத்தோட இறுக்கம்தான் பிளேடைப் பிடிக்குது, ஈரம் குடிச்சா மரம் உப்பி திறக்கக் கஷ்டமாகும், காய்ஞ்சா சரியாகும். ஜப்பான் ஹிகோனோகாமி இன்னும் எளிமை, மடிச்ச ஒரு தகடு, ஒரு பிளேடு, பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு வால், அந்த வாலைக் கட்டை விரலால அழுத்திப் பிடிச்சா உங்க கையேதான் லாக். அங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க பெரிய தலைமுறையே இதுலதான் பென்சில் சீவிச்சு. அமெரிக்க கேஸ் கம்பெனியோட பீனட் மாடல் மூடினா 7 செ.மீ சொச்சம்தான், ரெண்டு பிளேடு, வாட்ச் பாக்கெட்லயே காணாம போயிடும், அவங்களோட சிவி ஸ்டீல்ல (குரோம் வனேடியம் கலந்தது, ஸ்டெயின்லெஸ் இல்ல) வாங்கினா பழம் வெட்ட வெட்ட பிளேடு சாம்பல் நீலமா நிறம் மாறும், அதைத் தேய்ச்சு எடுக்காதீங்க, துருவுல இருந்து அதுதான் காப்பாத்தும். தினமும் துடைக்கிற பழக்கம் இல்லன்னா ஸ்டெயின்லெஸ் பக்கமே போங்க.

பேர் தெரியாத மலிவு ஸ்லிப்ஜாயிண்ட் மட்டும் வேண்டாம்ங்க. எனக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு, பார்க்க அழகு, ஆனா ஸ்பிரிங் தளர்வு, திறந்து கவுத்தா பிளேடு தானா தொங்கும். இந்த வகைல ஸ்பிரிங்தான் எல்லாமே, அதுல கஞ்சத்தனம் பண்ணின கத்தியை நம்பவே முடியாது. கடைல வாங்குறதா இருந்தா மூணு விஷயம் பாருங்க. திறந்த பிளேடை இடவலமா ஆட்டினா அசையக் கூடாது. திறந்த நிலைல ஸ்பிரிங் கைப்பிடி முதுகோட சமமா இருக்கணும், உள்ள இறங்கியோ வெளிய தூக்கிக்கிட்டோ இருக்கக் கூடாது. மூடும்போது டக்குங்கிற சத்தம் சுத்தமா கேக்கணும், இழுபறியா மூடினா விட்டுடுங்க. புதுக் கேடெட் சிலருக்கு நகம் வலிக்கிற அளவு இறுக்கமா இருக்கும், பிவட்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிவி பார்க்கும்போது சும்மா திறந்து மூடிக்கிட்டே இருங்க, இளகிடும். பாக்கெட் பஞ்சு சேர்ந்துச்சுன்னா வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு ஆட்டி எடுத்து, நல்லா காய வெச்சு, திரும்ப எண்ணெய் விடுங்க.

துளை போடுற வேலை உங்களுக்கு அடிக்கடி வரும்னா கேடெட்டை விட்டுட்டு 93 மி.மீ பயனியர் அலாக்ஸ் எடுத்துக்குங்க, நக அரத்துக்குப் பதிலா துளையிடுற ஊசி இருக்கும், கைக்கும் கொஞ்சம் பெருசு. அந்த ஊசிக்கும் லாக் கிடையாது, அதனால நேரா அழுத்திக் குத்தாம சுழற்றிச் சுழற்றித்தான் இறக்கணும்.