899 ரூபாய் வானிலைப் பெட்டி: மழைமானிக்கு மட்டும் மார்க்

கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றிப் பெட்டி வாங்கித்தான் தெரிய வேண்டுமா என்று அம்மா கேட்டார். நியாயம்தான். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓட்டில் பாதி பக்கத்துத் தெருவில் கிடந்தது. ஆனால் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் அப்போது பிறக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் 2024-இல் வந்த ஃபெஞ்சலும் அதற்கு விட்ட பள்ளி விடுமுறையும்தான். அதனால் போன ஐப்பசியில், பிள்ளைகள் வானிலைக் கருவிகளைச் செய்து பார்க்கும் இந்தப் பெட்டியை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

முதலில் மழைமானி. முதல் பெரிய மழைக்கே குழாயில் 16 செ.மீ. காட்டியது. செய்தியில் எங்கள் ஊருக்கு 4 செ.மீ. என்றார்கள். மகள் செய்தியை நம்பத் தயாராக இல்லை. சரி, என்னதான் கோளாறு என்று ஸ்கேலை வைத்து அளந்தோம். புனலின் வாய் 6 செ.மீ. அகலம், கீழே குழாய் 3 செ.மீ.தான். அகலம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும். அகன்ற வாயில் விழுந்த மழை ஒடுங்கிய குழாயில் நாலு மடங்கு உயரத்துக்கு நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் சாதாரண ஸ்கேலையே குழாயில் அச்சடித்திருக்கிறார்கள்! அச்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, நாலு செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு 1, 2, 3 என்று எழுதினோம். அதன் பிறகு செய்தியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். எங்கள் மொட்டைமாடி 60 சதுர மீட்டர். அன்றைக்கு மாடியில் மட்டும் 2,400 லிட்டர் விழுந்திருக்கிறது என்று மகள் போட்ட கணக்கைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன்.

அழுத்தமானி சுத்த வேஸ்ட். கண்ணாடிக் குடுவை வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே ஸ்ட்ரா ஒட்ட வேண்டும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பலூன் உப்பி ஸ்ட்ராவின் முனை இறங்குமாம். ஜன்னலோரம் வைத்தோம். வெயில் பட்டு உள்ளே இருக்கும் காற்று சூடானாலும் பலூன் உப்பத்தானே செய்யும்? தினமும் மதியம் “அப்பா, காற்றழுத்தத் தாழ்வு!” என்று ஒரு கூச்சல். வெயில் படாத அலமாரிக்கு மாற்றிய பிறகு கூச்சல் குறைந்தது.

பாட்டிலில் சுழல் உண்டாக்கும் மூடி வேடிக்கைக்குச் சரி. ஆனால் அதைப் புயல் மாதிரி என்று கையேடு சொல்வது தப்பு. பாட்டிலில் தண்ணீர் கீழே வடிகிறது. புயலில் காற்று அடியில் உள்ளே இழுக்கப்பட்டு மேலே ஏறுகிறது. பாட்டிலை எந்தப் பக்கம் சுழற்றுகிறோமோ அந்தப் பக்கம் சுழி. வங்கக் கடலில் வரும் புயல் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும்.

கையேட்டில் பாதிக்கு மேல் அமெரிக்க டொர்னாடோ. மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் நம் ஊரில் ‘புயல்’ என்று பெயர், அதற்குக் கீழே தாழ்வு மண்டலம் என்பதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றியும் இல்லை. 1 முதல் 11 வரை உண்டு, 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம் என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

காற்றுத்திசைகாட்டி பரவாயில்லை. முனை கிழக்கைக் காட்டிய அன்று “கொண்டல் அடிக்குது, மழை வரும்” என்றார் அம்மா. வந்தது.

ஐந்துக்கு இரண்டரை. கூட உட்கார்ந்து ஸ்கேல் பிடிக்க நேரம் இருப்பவர்கள் வாங்கலாம். வானிலைத் துறைக் கணக்குப்படி காலை 8.30-க்கு மழையை அளக்க வேண்டும். மகளின் பள்ளிப் பேருந்து 8.10-க்கு வந்துவிடும். அதனால் இப்போது அம்மாதான் மாடியேறிப் பார்த்து, தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கிறார்.